விக்டோரியா கால இங்கிலாந்துக் கிராமங்களில் பொய் சொல்லிப் பணம் பெற்ற வழக்குகள்: யார் தண்டிக்கப்பட்டார்கள், யார் தப்பினார்கள்?

ஆவணத்தேடல்

அனைவருக்கும் வணக்கம். விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வெளிவந்த செய்தித்தாள்களை இப்போது கணினியிலேயே படிக்க முடிகிறது. அவற்றில் காலாண்டு அமர்வு நீதிமன்றங்களின் (மாவட்டந்தோறும் ஆண்டுக்கு நான்கு முறை கூடியவை) வழக்குச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கோழித் திருட்டு, விறகுத் திருட்டு ஆகியவற்றுக்கு இடையே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது, பொய்யான காரணத்தைச் சொல்லிப் பணமோ பொருளோ பெற்றார் என்ற குற்றச்சாட்டு.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கின்றன. பண்ணை வீட்டில் வேலை செய்த பெண் ஒருத்தி ஊர்க் கடைக்குச் செல்கிறாள். "எங்கள் எஜமானி அம்மா அனுப்பினார்கள், ஒரு சால்வையும் கொஞ்சம் ஃபிளானல் துணியும் அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுக்கச் சொன்னார்கள்" என்கிறாள். கடைக்காரர் பேரேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுகிறார். சில வாரங்கள் கழித்துக் கணக்குத் தீர்க்க வரும் எஜமானி, தான் யாரையும் அனுப்பவில்லை என்கிறார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்ப் பல நாளாகியிருக்கும். பிடித்து வந்து நிறுத்தினால், கடின உழைப்புடன் சில மாதச் சிறை.

என் ஐயம் இதுதான். அதே கடையில் பல மாதம் கடனுக்கு வாங்கி, திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் ஊரை விட்டுப் போன விவசாயிகளும் வியாபாரிகளும் இருந்தார்கள். கடைக்காரருக்கு அவர்களால் ஏற்பட்ட இழப்பு சால்வையின் விலையைப் போலப் பல மடங்கு. ஆனாலும் அவர்கள்மீது இக்குற்றச்சாட்டு எழுந்த செய்தி மிக அரிதாகவே கிடைக்கிறது. சட்டமே அப்படி இருந்ததா, அல்லது சட்டத்தைக் கையாண்டவர்கள் அப்படி இருந்தார்களா? சட்டம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வைகைக்கரை வழக்குரைஞர்

நல்ல கேள்வி. சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் வெறும் பொய்யைக் குற்றமாகக் கருதவில்லை. கள்ள எடை, கள்ள அளவு, போலி முத்திரை போல ஊர் முழுவதையும் ஏமாற்றக்கூடிய கருவி ஒன்று இருந்தால்தான் குற்றவியல் நீதிமன்றம் தலையிடும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்னார் அனுப்பியதாகப் பொய் சொல்லி இருபது பவுண்டு பணம் பெற்ற ஒருவன்மீது வழக்கு வந்தபோது, ஒருவன் மற்றொருவனை முட்டாளாக்கியதற்கெல்லாம் குற்ற வழக்கு நடத்த முடியுமா என்று தலைமை நீதிபதி ஹோல்ட் கேட்டுவிட்டார். நீங்கள் சொன்ன சால்வை வழக்கின் மூத்த பதிப்பு அது.

1757ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. பொய்க் காரணம் கூறி, ஏமாற்றும் நோக்கத்துடன் பணமோ பொருளோ பெறுவது குற்றமாயிற்று. அபராதம், சிறை, பொது இடத்தில் கட்டி நிறுத்துதல், சாட்டையடி, ஏழாண்டு நாடு கடத்தல் வரை தண்டனை விதிக்க முடிந்தது. 1827இல் இச்சட்டம் திருத்தி எழுதப்பட்டது. பிறகு 1861ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவாக அமைந்து, விக்டோரியா காலத்தின் பிற்பகுதி முழுவதும் அதுவே நடைமுறையில் இருந்தது. கடின உழைப்புடன் இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். பெரிய வழக்குகளில் அதைவிடக் கடுமையான தண்டனைக்கும் இடமுண்டு.

உங்கள் ஐயத்துக்கான விடை இச்சட்டத்துக்கு நீதிபதிகள் கொடுத்த பொருளில் இருக்கிறது. சொன்ன பொய், நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றியோ அப்போது இருக்கும் ஒன்றைப் பற்றியோ இருக்க வேண்டும் என்று அவர்கள் கொண்டார்கள். "எஜமானி அனுப்பினார்" என்பது நடந்த செயலைப் பற்றிய பொய், ஆகவே குற்றம். "அறுவடை முடிந்ததும் தருகிறேன்" என்பது வருங்காலத்தைப் பற்றிய வாக்கு. சொல்லும்போதே தரும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது பொய்க் காரணம் ஆகாது. 1821ஆம் ஆண்டு குட்ஹால் வழக்கு இதற்கு அடிப்படை. இறைச்சியை அனுப்பினால் பணம் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு ஏமாற்றியவரை நடுவர் குழு குற்றவாளி என்றது. உயர் நீதிபதிகளோ அது வெறும் வாக்குறுதி என்று கூறித் தீர்ப்பை நீக்கினார்கள்.

ஆக, உங்கள் விவசாயியைக் காப்பாற்றியது சட்டத்தில் இருந்த இந்தக் கோடு. நீதிபதிகள் அவருக்குத் தனியே சலுகை காட்டினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை.

கொழும்புச் சட்ட மாணவி

ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. இரண்டு வழக்குகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் "இருக்கும் ஒன்றைப் பற்றிய பொய்" என்ற அளவுகோலை நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் நீட்டின என்பது அவற்றில் தெரிகிறது.

முதலாவது 1837ஆம் ஆண்டு பார்னர்ட் வழக்கு. ஆக்ஸ்ஃபர்டில் ஒரு காலணிக் கடைக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அணியும் தொப்பியும் அங்கியும் அணிந்து வந்தவர், தம்மை ஒரு கல்லூரி மாணவர் என்று சொல்லிப் பொருள் பெற்றார். அவர் வாய் திறந்து எதுவும் சொல்லாதிருந்தாலும் அந்த உடையே போதுமான பொய் என்று நீதிபதி கருத்துரைத்தார்.

இரண்டாவது 1865ஆம் ஆண்டு கைல்ஸ் வழக்கு. கணவன் விட்டுப் பிரிந்துபோன ஒரு பெண், மாந்திரீகம் அறிந்தவராகப் பெயர் பெற்றிருந்த மற்றொரு பெண்ணிடம் போகிறாள். உன் கணவனை வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி வரச் செய்யும் வல்லமை எனக்கு இருக்கிறது என்று சொல்லி அவள் பணம் பெறுகிறாள். கணவனை வரவழைப்பேன் என்பது வருங்கால வாக்குறுதிதானே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. வல்லமை இருக்கிறது என்று சொன்னது நிகழ்காலக் கூற்று, அது பொய், ஆகவே குற்றம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்த இரண்டாவது தீர்ப்பை வாசித்தபோது மனம் சங்கடப்பட்டது. "அறுவடைக்குப் பின் தருகிறேன்" என்று சொன்ன விவசாயியும், கொடுக்கும் வசதி தனக்கு இருக்கிறது என்றுதானே உணர்த்துகிறார்? கிராமத்து மந்திரக்காரியின் வாக்குறுதிக்குள் ஒளிந்திருந்த நிகழ்காலத்தைத் தேடிப் பிடித்த நீதிபதிகள், கடன் வாங்கியவரின் வாக்குறுதிக்குள் ஏன் தேடவில்லை?

ஓய்வுபெற்ற நூலகர்

தங்கை கேட்ட கேள்வி முக்கியமானது. அதற்கு விடை தேடுமுன், அக்காலக் கிராமம் எப்படி இயங்கியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென் இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளிக்கு வாரக் கூலி பத்து ஷில்லிங்கைக் கூட எட்டவில்லை. ரொட்டி, தேநீர், மெழுகுவத்தி எல்லாம் கடனில்தான் வந்தன. அறுவடைக் காலத்தில் கிடைக்கும் கூடுதல் கூலியில்தான் காலணிக் கடைக்காரரின் பாக்கியும் வீட்டு வாடகையும் தீரும். மேல்நிலையில் இருந்தவர்களும் கடனிலேயே வாழ்ந்தார்கள். பண்ணை விவசாயி விதை வணிகருக்கும் கொல்லருக்கும் ஆண்டுக் கணக்கில் பாக்கி வைத்தார். நிலக்கிழாரின் குடும்பம் துணிக்கடையில் கேட்காமலே கடன் பெற்றது. அந்த மாளிகையின் பெயர் கடைக்காரரின் பேரேட்டில் இருந்ததால்தான், அதன் பெயரைச் சொல்லி வந்த வேலைக்காரப் பெண்ணுக்கும் பொருள் கிடைத்தது. தன் பெயரில் கேட்டிருந்தால் அவளுக்கு ஒரு கெஜம் துணிகூடக் கிடைத்திருக்காது.

ஏழை ஒருவர் ஏமாற்ற நினைத்தால் இல்லாத எஜமானியையோ, இல்லாத நோயையோ, எரிந்துபோனதாகச் சொல்லும் வீட்டையோதான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அவருடைய வெறும் வாக்குக்குச் சந்தையில் விலை கிடையாது. மதிப்புள்ளவருக்குப் பொய்யே தேவையில்லை. "பிறகு தருகிறேன்" என்ற ஒரு சொல் போதும். குட்ஹால் தீர்ப்பு வகுத்த கோடு தாளில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கிராமத்தில் அது விழுந்த இடம் வேறு.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: வாக்குறுதியை மீறுவது குற்றம் ஆகாது என்ற கொள்கை எல்லாருக்கும் பொருந்தவில்லை. 1823ஆம் ஆண்டு எஜமான்–பணியாள் சட்டத்தின்படி, வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு வராத தொழிலாளியையும், தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போன தொழிலாளியையும் கௌரவ மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை கடின உழைப்புடன் சிறைக்கு அனுப்பலாம். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த ஆள் அமர்த்தும் சந்தையில் உழவர்கள் பணியாளருக்கு அச்சாரமாக ஒரு ஷில்லிங் கொடுப்பார்கள். அதை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு மற்றொருவரிடம் வேலைக்குப் போன பதினாறு வயதுப் பையனுக்கும் இதே சட்டம்தான். ஆனால் ஓராண்டு வேலை தருவதாகச் சொல்லி நடுவில் துரத்திய எஜமானரை அந்தத் தொழிலாளி சிறைக்கு அனுப்ப முடியாது. கூலி பாக்கிக்கு மட்டும் முறையிடலாம். 1875இல்தான் இந்த வேறுபாடு முற்றிலும் நீக்கப்பட்டது.

அதுவரை, ஒரே ஊரில், ஒரே மாஜிஸ்திரேட் முன்னால், விவசாயியின் மீறிய வாக்கு உரிமையியல் வழக்கு. அவருடைய உழவனின் மீறிய வாக்கு குற்றம். பொய்க் காரண வழக்குகளைத் தனியே எடுத்துப் படித்தால் இந்தப் பாதி கண்ணுக்குத் தெரியாது.

தராசுக்கல்

இழையை முழுவதும் படித்தேன். பெரியவர் சொன்ன எஜமான்–பணியாள் சட்டம் பற்றிய செய்தியை ஏற்கிறேன். ஆயினும் பொய்க் காரணச் சட்டம் ஏழைகளை மட்டும் குறிவைத்தது என்ற முடிவுக்கு விவாதம் சாய்வதை ஏற்க இயலவில்லை. பதிவான வழக்குகளில் வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

1847ஆம் ஆண்டு அபட் வழக்கைப் பாருங்கள். பாலாடைக்கட்டி வாங்குபவர் முழுக் கட்டியை வெட்டிப் பார்க்க முடியாது. குழல் போன்ற கருவியைச் செருகி எடுத்த சிறு மாதிரித் துண்டைச் சுவைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். இந்த வியாபாரி வேறொரு உயர்தரக் கட்டியிலிருந்து எடுத்த துண்டை இந்தக் கட்டியின் மாதிரி என்று காட்டி, மட்டமான சரக்கை விற்றார். குற்றம் உறுதியானது. 1871ஆம் ஆண்டு ஆர்ட்லி வழக்கில், ஆறு காரட் சங்கிலியைப் பதினைந்து காரட் தங்கம் என்று சொல்லி விற்றவர் தண்டிக்கப்பட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் 1855ஆம் ஆண்டு ஈகிள்டன் வழக்கு. ஏழையர் நிவாரண வாரியத்துக்கு ரொட்டி வழங்க ஒப்பந்தம் எடுத்த அடுமனைக்காரர் அவர். வாரியம் ஏழைகளுக்குச் சீட்டுக் கொடுக்கும். ஏழைகள் சீட்டைக் கொடுத்து ரொட்டி பெறுவார்கள். அடுமனைக்காரர் அந்தச் சீட்டுகளை அதிகாரியிடம் ஒப்படைத்துப் பணம் பெறுவார். ஒரு ரொட்டி மூன்றரை ராத்தல் இருக்க வேண்டும். அவர் எடை குறைத்துக் கொடுத்துவிட்டு, முழு எடைக்கான சீட்டுகளைக் கணக்கில் சேர்த்தார். பணம் கைக்கு வருமுன்னே அகப்பட்டுக்கொண்டதால் பொய்க் காரணத்தால் பணம் பெற முயன்ற குற்றத்துக்குத் தண்டனை உறுதியானது. இந்தச் சட்டம் இங்கே காத்தது மிக வறியவர்களின் உணவை.

எதிர்ப்பக்கத்தில் 1857ஆம் ஆண்டு மில்ஸ் வழக்கு இருக்கிறது. தீவனம் நறுக்கும் கூலியாள் ஒருவர். கூடைக்கு இரண்டு பென்ஸ் கூலி. 45 கூடைதான் நறுக்கியிருந்தார். பக்கத்துக் கொட்டகையில் ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்த 18 கூடைத் தீவனத்தை அள்ளி வந்து தம் குவியலில் சேர்த்து, 63 கூடை என்று சொல்லிப் பத்தரை ஷில்லிங் பெற்றார். அவர் அள்ளி வந்ததை உரிமையாளர் முன்பே பார்த்திருந்தார். பொய் என்று தெரிந்தே பணம் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டவர் ஆகமாட்டார் என்று கூறி, நீதிபதிகள் தண்டனையை நீக்கினார்கள். கூலியாள் விடுபட்டார், ரொட்டிக்காரர் சிக்கினார். இதை எப்படி வர்க்கச் சட்டம் என்பது?

ஆவணத்தேடல்

தராசுக்கல் அவர்களுக்கு: நீங்கள் எடுத்துக்காட்டிய வழக்குகள் உண்மை. ஆனால் அவை எவ்வாறு நமக்குக் கிடைத்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டச் சிக்கல் இருப்பதாக விசாரணை நீதிபதியே கருதி, உயர் நீதிபதிகளின் முடிவுக்கு (1848 முதல் அதற்கென ஏற்படுத்தப்பட்ட ஒதுக்கீட்டு வழக்கு மன்றத்துக்கு) அனுப்பிய வழக்குகளே பெரும்பாலும் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றன. தண்டிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை கிடையாது. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907இல்தான் வந்தது. சட்டச் சிக்கலை எழுப்ப வழக்குரைஞர் வேண்டும். வறியவருக்கு அரசு செலவில் வழக்குரைஞர் அமர்த்த முதன்முதலில் வகை செய்த சட்டம் 1903ஆம் ஆண்டுக்குரியது. செய்தித்தாளில் நான்கு வரியில் முடிந்துபோன சால்வைப் பெண்ணுக்கு, அவளுக்காக வாதிட யாரும் இருந்த அறிகுறி அந்த நான்கு வரியில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1898 வரை, குற்றம் சாட்டப்பட்டவர் பொதுவாகத் தம் வழக்கில் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல முடியாது. கடைக்காரர் சாட்சிப் பெட்டியில் நின்று "அவள் எஜமானி அனுப்பியதாகச் சொன்னாள், நான் நம்பினேன், அதனால்தான் கொடுத்தேன்" என்று சத்தியம் செய்வார். அந்த மூன்று தொடர்களும் இருந்தால் வழக்கு நிறைவு பெறும். "எஜமானி என்று சொல்லவே இல்லை, எனக்காகத்தான் கடன் கேட்டேன்" என்று அவள் சொல்ல விரும்பினால், அதைச் சத்தியம் இல்லாத வெற்றுப் பேச்சாகவே நடுவர் குழு கேட்டது. வாய்ச்சொல் ஒன்றைச் சுற்றியே அமைந்த குற்றத்தில், இரு வாய்களில் ஒன்றுக்கு மட்டும் சாட்சி என்ற தகுதி இருந்தது. இது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

வழக்குத் தொடுத்ததும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரே. ஊர்ப் பெரியவர்களும் விவசாயிகளும் சந்தா கட்டி நடத்திய வழக்குத் தொடுப்புச் சங்கங்கள் பல ஊர்களில் இருந்தன. சங்க உறுப்பினரை ஏமாற்றியவரைத் தேடிப் பிடிக்கச் சங்கப் பணம் செலவாகும். தொழிலாளியை ஏமாற்றியவரைப் பிடிக்க அத்தகைய ஏற்பாடு கிடையாது.

தராசுக்கல்

ஆவணத்தேடல் அவர்கள் கூறியவை வழக்கு நடைமுறையின் குறைகள். திருட்டு வழக்குகளுக்கும் அவை பொருந்தும். நான் பேசியது சட்டத்தின் பொருளைப் பற்றி. கடன் வாங்கி ஏமாற்றியவரைத் தண்டிக்க 1869ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு வந்துவிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். பொய்க் காரணத்தாலோ வேறு வஞ்சகத்தாலோ கடன் வசதி பெற்றால் ஓராண்டு வரை சிறை. 1898இல் ஒருவர் கையில் காசில்லாமல் உணவகத்தில் அமர்ந்து உண்டுவிட்டு, பொய்க் காரணக் குற்றத்திலிருந்து தப்பினாலும் இந்தப் பிரிவில் சிக்கினார். ஆக 1869க்குப் பிறகு, நூலகர் ஐயா சொன்ன மதிப்புள்ள கடனாளிக்கும் பாதுகாப்பு இல்லை.

ஓய்வுபெற்ற நூலகர்

தம்பி, நீங்கள் காட்டும் அதே 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடனுக்காகச் சிறை வைப்பதை ஒழித்ததாகச் சொல்லப்படும் சட்டம் அது. ஆனால் செலுத்த வசதியிருந்தும் செலுத்தவில்லை என்று கருதப்படுபவரை ஆறு வாரம் வரை சிறையில் வைக்கும் அதிகாரத்தை அது நீதிமன்றங்களுக்கு விட்டுவைத்தது. 1846இல் நிறுவப்பட்ட சிறுகடன் நீதிமன்றங்களில் அந்த அதிகாரம் யார்மீது பாய்ந்தது என்று பாருங்கள்: வாரக் கூலி பெறுபவர், மளிகைக் கடைக்குச் சில ஷில்லிங் பாக்கி வைத்தவர். பெரிய கடனாளி திவால் மனு கொடுத்து வெளியேறலாம். கூலிக்காரருக்கு அந்த வழி எளிதில் எட்டாது.

நான் பொய்க் காரணச் சட்டத்தைக் குறைகூறவில்லை. ஈகிள்டன் வழக்கின் தீர்ப்பு எனக்கும் மகிழ்ச்சி தருவதே. வாக்குறுதி என்ற ஒன்றை இங்கிலாந்துச் சட்டம் மூன்று இடங்களில் மூன்று விதமாக நடத்தியது என்பதே என் கருத்து. உழைப்பைத் தருவதாகச் சொன்ன வாக்கு மீறப்பட்டால் சிறை. சிறுகடனைத் தீர்ப்பதாகச் சொன்ன வாக்கு மீறப்பட்டால் வேறு பெயரில் சிறை. பெருங்கடனைத் தீர்ப்பதாகச் சொன்ன வாக்கு மீறப்பட்டால் நட்டக் கணக்கு.

வைகைக்கரை வழக்குரைஞர்

நூலகர் ஐயா சொன்னதைத் தொடர்ந்து ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் நாட்டுச் சட்டத்தைத் தொடுகிறது.

இங்கிலாந்து நீதிபதிகள் வாக்குறுதியை விலக்கிவைத்திருந்த அதே காலத்தில், அதே நாட்டவர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டம் அதைக் குற்றத்துக்குள் கொண்டுவந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையத்தின் வரைவு 1837இல் முடிந்தது. சட்டம் 1860இல் நிறைவேறி 1862இல் நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றுதலை வரையறுக்கும் 415ஆம் பிரிவின் கீழுள்ள உதாரணங்களைப் பாருங்கள். திருப்பித் தரும் எண்ணம் இல்லாமலே, தருவதாக நம்பவைத்துக் கடன் வாங்கினால் அது ஏமாற்றுதல். அடுத்த உதாரணம் அவுரிச் செடியைப் பற்றியது. அவுரி தருவதாக நம்பவைத்து முன்பணம் வாங்குபவர், அப்போதே தரும் எண்ணம் இல்லாதிருந்தால் குற்றவாளி. தரும் எண்ணத்துடன் வாங்கிவிட்டுப் பிறகு தராமற்போனால் உரிமையியல் வழக்கு மட்டும். இன்றும் நான் ஆஜராகும் நீதிமன்றங்களில் 420ஆம் பிரிவு வழக்கு என்றால் (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 318ஆம் பிரிவு) முதல் வாதமே, பணம் வாங்கிய அந்த நேரத்தில் எண்ணம் என்னவாக இருந்தது என்பதுதான்.

இங்கிலாந்து அந்த இடத்துக்கு வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1955ஆம் ஆண்டு டென்ட் வழக்கும் ஒரு நாட்டுப்புற வழக்கே. எலி முதலிய பூச்சி பொட்டுகளை ஒழித்துத் தருவதாகப் பல விவசாயிகளிடம் ஒப்பந்தம் செய்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, வேலை செய்யாமல் போனவர் அவர். வேலை செய்யும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை என்றாலும், எண்ணத்தைப் பற்றிய பொய் பொய்க் காரணம் ஆகாது என்று கூறித் தண்டனை நீக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம்தான், தற்போதைய எண்ணத்தைப் பற்றிய பொய்யும் வஞ்சகமே என்று எழுதியது.

கொழும்புச் சட்ட மாணவி

எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவும் இந்திய வரையறையை ஒட்டியதே. ஆகவே இங்கேயும் எண்ணமே அளவுகோல்.

ஆனால் ஐயா, அந்த அவுரி உதாரணத்தைப் பெருமைக்குரியதாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவுரிக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வங்காளத்தின் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள், வாங்கியவர்கள் உழவர்கள். 1859–60இல் வங்காள உழவர்கள் அவுரி பயிரிட மறுத்துக் கிளர்ந்தார்கள். சட்டம் நிறைவேறியதும் அதே 1860இல்தான். உதாரணத்தின் இரண்டாம் பகுதி உழவருக்கும் பாதுகாப்பளிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாக்குறுதியைக் குற்றத்துக்குள் கொண்டுவந்த சட்டத்தில், எடுத்துக்காட்டாக நிற்பது முன்பணம் கொடுத்த முதலாளியின் இழப்பு. நூலகர் ஐயா சொன்ன அச்சார ஷில்லிங் இங்கே வேறு உருவில் நிற்கிறது என்றே எண்ணுகிறேன்.

வைகைக்கரை வழக்குரைஞர்

உங்கள் வாசிப்பை மதிக்கிறேன் அம்மா. எனினும் நீதிமன்ற அனுபவத்தில், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்மீது ஓர் ஏழைத் தகப்பன் வழக்குத் தொடுக்க முடிவது அந்தச் சட்டத்தால்தான். டென்ட் வழக்கின் விதி இங்கே இருந்திருந்தால் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தைத் தவிர வேறு வாசல் இருந்திருக்காது. எடுத்துக்காட்டில் யார் நிற்கிறார் என்பதைவிட, வரையறை யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதற்கே நான் முதலிடம் தருவேன்.

ஊர்சுற்றி

இடையில் ஒரு கேள்வி. குறி சொல்பவர்கள், பிச்சைக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் இந்தச் சட்டத்தில்தான் பிடிபட்டார்களா? நாடோடி இனத்தவரான ரோமா மக்களைப் பற்றி அக்காலச் செய்தித்தாள்கள் எழுதுவதைப் பார்த்தால் கிராமத்தின் எல்லா ஏமாற்றுகளும் அவர்கள் செய்தவை போலத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற நூலகர்

குறி சொல்வதற்கும், பொய் சொல்லித் தர்மம் கேட்பதற்கும் 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டமே எளிய கருவி. நடுவர் குழு வேண்டாம். மாஜிஸ்திரேட்டே மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பிவிடலாம். கப்பல் உடைந்து தப்பிய மாலுமி, தீயில் வீடிழந்தவர் என்று சொல்லி, பாதிரியார் கையெழுத்துப் போலச் செய்த தாளைக் காட்டி ஊர் ஊராக வந்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் அகப்பட்டார்கள். பிச்சைக் கடிதம் பொய்க் காரணச் சட்டத்துக்குள்ளும் வரும் என்று 1850இல் முடிவாயிற்று. 1870ஆம் ஆண்டு ஹென்ஸ்லர் வழக்கில், கடிதத்தைப் பெற்றவர் அது பொய் என்று தெரிந்தே ஐந்து ஷில்லிங் அனுப்பினார். எழுதியவர் முயற்சிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். மில்ஸ் வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரோமா மக்களைப் பற்றிய செய்தித்தாள் மொழியை அப்படியே நம்ப வேண்டாம். கைல்ஸ் வழக்கில் போல உள்ளூரிலேயே வாழ்ந்த மந்திரக்காரர்களும் குறிகாரர்களும் ஏராளம். காணாமற்போன மாட்டைக் கண்டுபிடிக்கவும் செய்வினை எடுக்கவும் விவசாயிகளே அவர்களைத் தேடிப் போனார்கள். பலன் கிடைத்தவரை எவரும் புகார் செய்யவில்லை. வழியில் செல்பவரைக் காட்டிக்கொடுப்பது எளிது. பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தால், அவரை நம்பிப் பணம் கொடுத்த தன் கதையையும் ஊரறியச் சொல்ல வேண்டிவரும்.

ஆவணத்தேடல்

அனைவருக்கும் நன்றி. இப்போது ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, நூலகர் ஐயாவின் கருத்தைப் பதிவேடுகளில் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். எந்த ஆவணங்களிலிருந்து தொடங்குவது நல்லது?

ஓய்வுபெற்ற நூலகர்

காலாண்டு அமர்வுகளின் கைதிகள் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பரவலாகக் கிடைக்கும்; பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்ற குறிப்பு, குற்றம், தண்டனை ஆகியவை ஒரே வரியில் இருக்கும். தொழில் என்ற அந்த ஒரு பத்தியே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை தரும். அசைஸ் நீதிமன்றத்துக்கு (உயர் நீதிபதிகள் மாவட்டந்தோறும் சுற்றி வந்து நடத்தியது) போன பெரிய வழக்குகளின் ஆவணங்களை லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

எஜமான்–பணியாள் வழக்குகளை அந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அவை மாஜிஸ்திரேட்டுகள் நடுவர் குழு இல்லாமல் விசாரித்த சிற்றமர்வு நீதிமன்றத்திலேயே முடிந்தவை. சிற்றமர்வுப் பதிவேடு வைப்பதைக் கட்டாயமாக்கியது 1879ஆம் ஆண்டுச் சட்டம். உங்களுக்கு வேண்டிய 1875க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பதிவேடு கிடைப்பது ஊருக்கு ஊர் மாறும். கிடைக்காத ஊர்களுக்குச் சிறைச்சாலைப் பதிவேடும் உள்ளூர்ச் செய்தித்தாளும்தான் துணை. 1850 முதல் 1875 வரை இரண்டையும் அருகருகே வைத்து எண்ணுங்கள். 1899க்குப் பிந்தைய ஆண்டுகளைத் தனியே வையுங்கள், ஏனெனில் அவ்வாண்டுச் சட்டம் சிறு பொய்க் காரண வழக்குகளையும் மாஜிஸ்திரேட்டே முடிக்க இடம் தந்தது. காலாண்டுப் பட்டியலில் எண்ணிக்கை குறைந்தால் குற்றம் குறைந்ததாகக் கொள்ள முடியாது.

தராசுக்கல்

அந்தக் கணக்கெடுப்பில் வழக்குத் தொடுத்தவரின் தொழிலையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈகிள்டன் வழக்கைப் போல ஏழைகளின் பொருட்டு வாரியமே தொடுத்த வழக்குகள் எத்தனை என்பது அதில்தான் தெரியவரும். செய்தித்தாள் பகுதியை ஒரு மாவட்டத்துக்கு நான் படித்துத் தருகிறேன்.